பென்சகோலா, 1996: பரிசோதனைக்கு முந்தைய சுத்திகரிப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1996 ஜூலை 6 அன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பென்சகோலா விமான நிலையத்திலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட டெல்டா ஏர்லைன்ஸின் 1288ஆம் எண் விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, அதன் இடது எஞ்சினின் முன்பக்க விசிறியைத் தாங்கி நின்ற ஹப் உடைந்தது. எஞ்சினின் மேலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறிய துண்டுகள் பயணிகள் அமர்ந்திருந்த பின்பகுதிக்குள் பாய்ந்தன. விமானி புறப்பாட்டைக் கைவிட்டு விமானத்தை ஓடுபாதையிலேயே நிறுத்திவிட்டார். ஆயினும் ஒரு தாயும் அவருடைய மகனும் உயிரிழந்தனர். விமானம் எம்.டி.-88 வகையைச் சேர்ந்தது. எஞ்சின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ஜே.டி.8டி-219.

விபத்தை விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் வெளியிட்ட அறிக்கையில், ஹப்பிலிருந்த ஒரு துளையில் தொடங்கி வளர்ந்த அயர்வு விரிசலே (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகத்தில் உண்டாகும் விரிசல்) உடைப்புக்குக் காரணம் என்றும், கண்டுபிடித்திருக்கக்கூடிய அளவுக்கு அது வளர்ந்திருந்தும் டெல்டாவின் ஒளிர்பெனட்ரன்ட் பரிசோதனை (ஒளிரும் திரவத்தை விரிசலுக்குள் இறக்கிக் காணும் முறை) அதைக் கண்டுபிடிக்கத் தவறியது என்றும் முடிவு கூறியது. இந்த விபத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் துளையிடும் வேலையில் நேர்ந்த பிழையையோ பரிசோதகரின் கண் தவறவிட்டதையோ பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவ்விரண்டுக்கும் நடுவே, ஹப்பைக் கழுவி, அலசி, உலர்த்திப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிய வேலை இருக்கிறது. பாகங்களைச் சுத்தம் செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் படிக்க வேண்டிய பகுதி அதுதான் என்பதால், இந்த ஆய்வு அதன்மேல் கவனம் வைக்கிறது. ஒன்றை முன்கூட்டியே தெளிவுபடுத்திவிட வேண்டும்: விரிசல் தப்பியதற்குச் சுத்திகரிப்பு மட்டுமே காரணம் என்று வாரியம் சொல்லவில்லை. பரிசோதனை என்ற தொடரில் பலவீனமாக இருந்த கண்ணிகள் பலவற்றை அது எடுத்துக்காட்டியது. அவற்றில் ஒன்று உலர்த்தும் முறை.

ஹப்பின் வரலாறு சுருக்கமானது. பிராட் அண்ட் விட்னிக்காகச் சுவீடனின் வோல்வோ நிறுவனம் டைட்டானியக் கலவையில் உருவாக்கிய பாகம் அது. ஹப்பில் வளையமாக அமைந்த, டை-ராடு எனப்படும் இணைப்புத் தண்டுகளுக்கான துளைகளில் ஒன்றைத் துளைத்தபோது டிரில் உடைந்தோ சிதைந்தோ, கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் அந்த இடத்தில் போதாமற்போய், சீவல்கள் துளைக்குள் அடைந்து, உலோகம் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. அந்தச் சூட்டில் துளைச் சுவரின் நுண்கட்டமைப்பே மாறிவிட்டது. ஏணிப் படிகள்போல் சிறு வெடிப்புகளும் உண்டாயின. அதன்பின் துளையை அகலப்படுத்தவும் வழவழப்பாக்கவும் செய்யப்பட்ட போரிங், ஹோனிங் வேலைகள் அந்தச் சேதத்தை முழுமையாக நீக்கவில்லை. தயாரிப்பாளர் எதிர்பார்த்திருந்ததைவிட அது ஆழமாக இறங்கியிருந்தது. டைட்டானியப் பரப்பை அமிலத்தில் அரித்து, நீல நிறம் தோன்றும்படி அனோடைஸ் செய்து, நிற வேறுபாட்டால் குறையைக் காட்டும் சோதனையும் அதைப் பிடிக்கவில்லை. அங்கிருந்து விரிசல் வளரத் தொடங்கியது. உடைந்த நாளில் ஹப் 13,835 சுழற்சிகளைக் கடந்திருந்தது. ஒரு புறப்பாடும் ஒரு தரையிறக்கமும் சேர்ந்தால் ஒரு சுழற்சி.

கடைசிப் பரிசோதனை 1995 அக்டோபர் 27 அன்று நடந்தது. அதற்குப் பிறகு ஹப் ஓடியது 1,142 சுழற்சிகள் மட்டுமே. விரிசலின் பரப்பிலிருந்த வளர்ச்சிக் கோடுகளைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்த புலனாய்வாளர்கள், அந்தப் பரிசோதனை நாளில் துளையின் உட்சுவரிலும் ஹப்பின் பின்முகத்திலுமாகச் சேர்த்து விரிசல் ஓர் அங்குலத்துக்கும் அதிகமான நீளம் கொண்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். மயிரிழைக் கீறல்களை நாள்தோறும் கண்டெடுக்கும் ஒரு முறைக்கு இது பெரிய விரிசல். அப்படியிருந்தும் தப்பியது எப்படி என்ற கேள்விதான் விசாரணையைச் சுத்திகரிப்புக் கூடம் வரை கொண்டுபோனது.

பெனட்ரன்ட் பரிசோதனையின் தத்துவம் எளிது. கழுவி உலர்த்திய பாகத்தின்மேல் ஒளிரும் திரவத்தைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிடுவார்கள். வழக்கிலுள்ள தரநிலைகள் குறைந்தது பத்து நிமிடம் என்கின்றன. நுண்புழை ஈர்ப்பால் திரவம் விரிசலுக்குள் இறங்கும். பின்பு மேற்பரப்பில் தங்கியதை, எண்ணெயை நீரோடு கலக்கச் செய்யும் எமல்சிஃபையர் கொண்டு கழுவி நீக்கி, பாகத்தை உலர்த்தி, டெவலப்பர் எனப்படும் வெண்தூளைத் தூவினால், விரிசலுக்குள் எஞ்சியிருக்கும் திரவத்தைத் தூள் வெளியே உறிஞ்சிப் பரப்பும். இருட்டறையில் புறஊதா விளக்கின்கீழ் அது பச்சை கலந்த மஞ்சள் கோடாக எரியும். இந்தத் தொடர் முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: திரவம் இறங்க வேண்டிய இடம் திறந்திருக்க வேண்டும், காலியாகவும் இருக்க வேண்டும். விரிசல் வேறொன்றால் நிரம்பியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பெனட்ரன்ட்டும் வாசலிலேயே நின்றுவிடும். விரிசலே இல்லை என்பதற்கும் விரிசலுக்குள் ஏதும் நுழையவில்லை என்பதற்கும் இருட்டறையில் எந்த வேறுபாடும் தெரியாது. இரண்டுமே கறுப்பாகத்தான் இருக்கும்.

சுத்தம் என்று நாம் சொல்வது அடுத்து வரும் வேலையைப் பொறுத்து மாறும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பவுடர் கோட்டிங்குக்குப் போகும் இரும்புத் தகட்டில் எண்ணெயும் துருவும் போய், பாஸ்பேட் படிகங்கள் பிடிக்கும் அளவுக்குப் பரப்பு தயாரானால் போதும். பரப்பிலுள்ள நுண்ணிய பள்ளங்களுக்குள் கொஞ்சம் ஈரம் தங்கினாலும் அடுத்த தொட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். முலாம் பூசுவதற்குப் போகும் பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம்கூட முலாமை உரித்துவிடும் என்பதால் அங்கே கவனமெல்லாம் மேற்பரப்பின்மேல்தான். பெனட்ரன்ட்டுக்குப் போகும் பாகத்திலோ மேற்பரப்பு இரண்டாம்பட்சம். துடைத்து எடுக்க முடியாத, பார்க்கவும் முடியாத, சில மைக்ரான் அகலமே உள்ள ஓர் இடுக்கின் உட்புறம்தான் சுத்தம் செய்யப்பட வேண்டிய இடம். பளபளக்கும் பாகத்தைப் பார்த்து நன்றாகக் கழுவியிருக்கிறார்கள் என்று சொல்வதில் இந்த விஷயத்தில் பொருளே இல்லை.

டெல்டாவின் கூடத்தில் ஹப் கழுவப்பட்ட பிறகு அதை உலர்த்தக் கையாண்ட முறை, ஆங்கிலப் பெயராலேயே தொழிற்கூடங்களில் வழங்கும் ஃபிளாஷ் டிரையிங். பாகத்தைச் சுடுநீரில் அமிழ்த்தி, அது சூடேறியதும் வெளியே தூக்கினால், பாகத்தின் சொந்தச் சூட்டிலேயே மேலே ஒட்டிய நீர் ஆவியாகிப் போய்விடும். தனி அடுப்பு வேண்டாம், நேரமும் மிச்சம், பார்வைக்குச் சில நிமிடங்களில் பாகம் உலர்ந்துவிடும். விரிசல்களிலிருந்து நீரை அகற்றுவதில் இந்த முறையின் நம்பகத்தன்மை குறித்துக் கணிசமான ஐயங்கள் இருப்பதாக வாரியம் தன் முடிவுகளில் பதிவு செய்தது.

அந்த ஐயத்தின் அடிப்படையை எளிய கணக்கால் விளக்கலாம். நீரின் பரப்பு இழுவிசை அறை வெப்பநிலையில் மீட்டருக்கு 0.072 நியூட்டன். ஒரு மைக்ரான் அகலமுள்ள விரிசலில் நீர் சுவரை முழுமையாக நனைத்து நிற்குமானால், அதை உள்ளே பிடித்து வைத்திருக்கும் நுண்புழை அழுத்தம், இழுவிசையின் இருமடங்கை அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் 1,44,000 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. காற்றடித்து ஊதினாலோ பாகத்தைக் கவிழ்த்துவைத்தாலோ இந்த நீர் வெளியேறப்போவதில்லை. ஆவியாகத்தான் போக வேண்டும். ஆவியாவதும் விரிசலின் வாயிலுள்ள குறுகிய கோட்டின் வழியாக மட்டுமே நடக்க வேண்டும். மேற்பரப்பின் ஈரம் அகன்ற பரப்பிலிருந்து ஒரே வீச்சில் போய்விடும் வேளையில், விரிசலுக்குள் ஆழமாக நிற்கும் நீர் வாய்வரை வந்து வந்துதான் தீர வேண்டியிருக்கிறது. அதற்குள் பாகம் குளிர்ந்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும், வெளிப்பரப்போ முழுமையாக உலர்ந்ததாகத் தெரியும்.

டைட்டானியம் இதில் மேலும் ஒரு தொல்லையைச் சேர்க்கிறது. அதன் வெப்பக் கடத்துதிறன் அலுமினியக் கலவைகளுடன் ஒப்பிட்டால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். தடித்த ஹப்பின் உட்பகுதி சுடுநீரின் சூட்டை வாங்கிக்கொள்ள நேரம் எடுக்கும். அவசரமாகத் தூக்கினால் வெளித்தோல் மட்டும் சூடாக இருக்கும், அந்தச் சூடும் மேலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஆகவே ஃபிளாஷ் டிரையிங்கில் நீரின் வெப்பநிலை, பாகம் அதில் மூழ்கியிருந்த நேரம், வெளியே எடுத்தபோது பாகத்தின் உண்மையான சூடு ஆகிய மூன்றும் அளக்கப்படாமல் இருந்தால் அந்த உலர்த்தலுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அடுப்பில் உலர்த்தும்போது, நீரின் கொதிநிலைக்கு மேலான சூட்டில் பாகம் நீண்ட நேரம் தொடர்ந்து நிற்பதால் விரிசலுக்குள்ளிருக்கும் நீருக்கு வெளியேற அவகாசம் கிடைக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு: அடுப்பிலிருந்து வந்த பாகம் 52 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறும்வரை பெனட்ரன்ட் தெளிக்கக் கூடாது, தெளித்தால் திரவத்தின் இலகுவான கூறுகள் ஆவியாகி அது கெட்டியாகிவிடும். உற்பத்தி நெருக்கடியில் இருக்கும் கூடத்தில் ஆறும்வரை காத்திருக்கச் சொல்வது எளிதல்ல. ஆனாலும் இதில் குறுக்குவழி கிடையாது.

உலர்த்துவதற்கு முன் கழுவும் முறையிலும் சிக்கல்கள் இருக்கின்றன. 1990களின் நடுப்பகுதி இந்தத் தொழிலுக்கு ஒரு திருப்புமுனை. அதுவரை உலோகப் பாகங்களிலிருந்து எண்ணெயை நீக்கப் பெரிதும் நம்பப்பட்டது வேப்பர் டீகிரீசர் என்ற ஆவித்தொட்டி. அதன் அடியில் 1,1,1-டிரைகுளோரோஈத்தேன் போன்ற கரைப்பானைக் கொதிக்கவைப்பார்கள்; கனமான ஆவி தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். குளிர்ந்த பாகத்தை உள்ளே இறக்கினால் தூய கரைப்பான் அதன்மேல் படிந்து எண்ணெயைக் கரைத்துக்கொண்டு சொட்டும். பாகத்தின் சூடும் ஆவியின் சூடும் சமமானதும் படிவது தானாக நின்று, பாகம் உலர்ந்தபடியே வெளியே வரும். அந்தக் கரைப்பானின் பரப்பு இழுவிசை நீரினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கொதிநிலை 74 பாகை செல்சியஸ். அதனால் குறுகிய இடுக்குகளுக்குள் நுழைவதும் அங்கிருந்து ஆவியாகி வெளியேறுவதும் அதற்கு எளிது. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் 1990இல் லண்டனில் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1992இல் கோப்பன்ஹேகனில் காலக்கெடு முன்னுக்கு இழுக்கப்பட்டு, வளர்ந்த நாடுகள் 1996 ஜனவரி 1 முதல் அதை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவானது. ஓசோனுக்கு அது நல்ல முடிவு. அதில் இரண்டு கருத்து இல்லை. கழுவும் கூடங்களோ அந்தச் சில ஆண்டுகளுக்குள் நீர் சார்ந்த முறைகளுக்கு மாற வேண்டியதாயிற்று. பல கூடங்களில் மாற்றுச் சோப்புக் கரைசல் எண்ணெயை எவ்வளவு நன்றாக நீக்குகிறது என்று பார்த்தார்கள். அது கொண்டுவரும் நீர் எங்கே போய் நிற்கும் என்ற கேள்விக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை.

நீர் சார்ந்த முறைகளில் முதன்மையானது சூடான காரக் கரைசல். அது எண்ணெயையும் கிரீஸையும் நன்றாகவே எடுக்கும். கருகிப் படிந்த கார்பனுக்குச் செறிவும் சூடும் கூடுதலாக வேண்டும், சில வேளைகளில் வேறு வேதிப்பொருளும் வேண்டும். இதன் வில்லங்கம் மிச்சத்தில் இருக்கிறது. மெட்டாசிலிக்கேட் அதிகமுள்ள கரைசல்களை நன்றாக அலசாமல் விட்டு உலர்த்தினால், கண்ணாடிபோல் இறுகும் சிலிக்கேட் படிவு விரிசலின் வாயை அடைத்துவிடும். பெனட்ரன்ட்டைப் பொறுத்தவரை அந்த விரிசல் அதற்குப்பின் இல்லாத ஒன்றுதான். அலசும் நீரின் தரமும் இதே அளவுக்கு முக்கியம். கரைந்த உப்புகள் கூடிய நீரில் கடைசி அலசல் நடந்தால், நீர் ஆவியான பிறகு உப்பு மட்டும் உள்ளே தங்கும். அமிலம், குரோமேட் ஆகியவற்றின் எச்சம் வேறு வகையில் கெடுக்கிறது: பெனட்ரன்ட் உள்ளே நுழைந்தாலும் அதன் ஒளிரும் சாயத்தை அவை மங்கச் செய்துவிடும். எண்ணெயே எஞ்சிவிட்டாலும் நிலைமை மேம்பட்டதல்ல. விரிசலை நிரப்பி நிற்கும் எண்ணெய் பெனட்ரன்ட்டுக்கு இடம் கொடுக்காது, சில எண்ணெய்கள் புறஊதா ஒளியில் தாமும் மங்கலாக ஒளிர்ந்து பரிசோதகரைக் குழப்பவும் செய்யும்.

டைட்டானியத்துக்கு இவற்றோடு தனிப்பட்ட சில தடைகளும் உண்டு. குளோரின் கொண்ட கரைப்பானின் எச்சம் உயர் வெப்பநிலையில் டைட்டானியத்தில் தகைவு அரிப்பை (இழுவிசையும் வேதிப்பொருளும் சேர்ந்து உலோகத்தை வெடிக்கச் செய்வதை) உண்டாக்கும் என்பதால், எஞ்சின் தயாரிப்பாளர்களின் கையேடுகள் இந்த உலோகத்தின்மேல் அத்தகைய கரைப்பான்களை நீண்ட காலமாகவே கட்டுப்படுத்தி வந்தன. தீங்கற்றதாகத் தோன்றும் மெத்தனால்கூட ஆபத்தானதுதான்: 1966இல் அப்பல்லோ விண்கலத்தின் டைட்டானியத் தொட்டி ஒன்று, மெத்தனால் நிரப்பிய அழுத்தச் சோதனையின்போது தகைவு அரிப்பால் உடைந்தது. எது எண்ணெயை நன்றாகக் கரைக்கிறது என்பதை மட்டும் பார்த்து இந்த உலோகத்துக்குச் சுத்திகரிப்பு முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வேதி முறைகளின் தொல்லைகளைக் கண்டு சலித்தவர்கள் பிளாஸ்டிங்கை நாடுவார்கள். மணல், கண்ணாடி மணி, அலுமினிய ஆக்சைடு, பிளாஸ்டிக் துகள் என்று எதையாவது காற்றழுத்தத்தில் வீசினால் கார்பனும் பழைய பெயின்ட்டும் நிமிடங்களில் போய்விடும், பாகம் புதிதுபோல் ஆகும். பெனட்ரன்ட் பரிசோதனைக்கு முன்பு செய்யக்கூடியவற்றில் மிகுந்த எச்சரிக்கை வேண்டிய வேலை இதுவே. கடினமான துகள் மோதும்போது பரப்பிலுள்ள மென்மையான உலோகம் நசுங்கி, விரிசலின் உதடுகளின்மேல் மெல்லிய தோலாக விரிந்து அதை மூடிவிடுகிறது. திருச்சிராப்பள்ளியைச் சுற்றியுள்ள பாய்லர் உதிரிபாகப் பட்டறைகள் போன்ற இடங்களில் டி.பி. டெஸ்ட் எனப்படும் சாயப் பெனட்ரன்ட் சோதனை செய்து பழகியவர்கள் இதன் சிறிய வடிவத்தை அறிவார்கள்: வெல்டிங்கைக் கிரைண்டிங் போட்டு வழவழப்பாக்கிய உடனே சிவப்புச் சாயத்தைத் தடவினால் ஒன்றும் தெரியாது, பரப்பை அமிலத்தால் லேசாக அரித்து எட்சிங் செய்துவிட்டுப் பார்த்தால் கோடு எழும்பும். டைட்டானியத்தில் அந்த எட்சிங்குக்கு நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். நைட்ரிக் அமிலம் வேண்டிய அளவு மிகுதியாக இல்லாவிட்டால் உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கையாளும் தொழிலாளிக்கு எவ்வளவு கொடியது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் துகளை மிதமான அழுத்தத்தில் வீசுவது இந்தச் சேதத்தைக் குறைக்கும். முற்றாக நீக்கிவிடும் என்று எந்தப் பாகத்துக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது.

பென்சகோலா ஹப்பின் விரிசல் எதனால் தப்பியிருக்கலாம் என்று ஆராய்ந்த வாரியம், உலர்த்தலோடு நிற்கவில்லை. துளையின் உட்சுவரில் டெவலப்பர் தூள் சரியாகப் படிந்திருக்காமல் இருக்கலாம்; குறுகிய ஆழமான துளைக்குள் உலர்தூளைச் சீராகப் பரப்புவது எப்போதும் சிக்கலானது. பெரிய ஹப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது எந்த இடம்வரை பார்த்து முடிந்தது என்று முறையாகக் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கவில்லை என்பதால் சில பகுதிகள் விடுபட்டிருக்கலாம். இந்த வகை ஹப்பில் விரிசல் இருக்காது என்ற எண்ணம், ஒளிர்ந்த ஒரு கோட்டைக்கூடப் பொருட்படுத்தாமல் விடச் செய்திருக்கலாம். இவற்றில் எந்த ஒன்றும் தனியாகப் போதுமானது. இரண்டு மூன்று சேர்ந்தும் நடந்திருக்கலாம்.

இதனோடு 1989 ஜூலை 19 அன்று அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் நடந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் விபத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கும் டைட்டானியத்தால் ஆன விசிறித் தட்டு ஒன்று அயர்வு விரிசலால் உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் முந்தைய ஆண்டுப் பெனட்ரன்ட் பரிசோதனை விரிசலைத் தவறவிட்டிருந்தது. ஆனால் அந்த விரிசலின் பரப்பில் பெனட்ரன்ட் வேதிப்பொருளின் தடயம் கிடைத்தது. அதாவது திரவம் உள்ளே இறங்கியிருக்கிறது, சுத்திகரிப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது, பார்த்த கண் தவறியிருக்கிறது. அப்படி ஒரு தடயம் இருக்கும்போது பழியைப் பகிர்வது எளிது. பென்சகோலாவில் விசாரணையாளர்களுக்கு அந்த எளிமை வாய்க்கவில்லை. இது என் கணிப்பு மட்டுமே என்றாலும் சொல்லத் தகும்: உலர்த்தும் தொட்டியின் வெப்பநிலையும் பாகம் அதில் நின்ற நேரமும் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் பதிவாகியிருந்தால், விசாரணைக்கு ஐயப்பாட்டின் ஒரு கிளையையாவது வெட்டிவிட முடிந்திருக்கும்.

இன்னொரு குறை எல்லாப் பெரிய தொழிற்கூடங்களுக்கும் பொதுவானது. கழுவும் கூடமும் பரிசோதனைக் கூடமும் தனித்தனித் துறைகள். தனித்தனி மேற்பார்வையாளர்கள், தனித்தனிக் கணக்கு. கழுவுபவருக்கு வரும் சீட்டில் பாக எண்ணும் முறையின் எண்ணும் இருக்கும். இந்தப் பாகம் அடுத்து எங்கே போகிறது, அங்கே எதைத் தேடப்போகிறார்கள் என்பது இருக்காது. விசிறி ஹப்பையும் சாதாரண மூடித் தகட்டையும் அவர் ஒரே கூடையில் தூக்கி ஒரே தொட்டியில் இறக்குவார், ஒரே நேரத்தில் எடுப்பார். பாகம் பரிசோதகரிடம் வரும்போது அவர் அதன் மேற்பரப்பைப் பார்த்துச் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்வார். ஏற்றுக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியும் கிடையாது, ஏனென்றால் விரிசலுக்குள் நீர் இருக்கிறதா என்று காட்டும் கருவி எதுவும் அவர் கையில் இல்லை. பரிசோதகருக்குக் கண் பரிசோதனை உண்டு, பயிற்சிச் சான்றிதழ் உண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுதேர்வும் உண்டு. அவருடைய முடிவு முழுவதும் யாருடைய வேலையைச் சார்ந்திருக்கிறதோ அந்தக் கழுவும் தொழிலாளிக்கு, பெரும்பாலான இடங்களில் இவற்றில் எதுவும் கிடையாது.

விபத்துக்குப் பிறகு இந்த வகை ஹப்புகளின் துளைகளைச் சுழல் மின்னோட்ட முறையிலும் (உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் மாற்றத்தால் விரிசலை அறியும் முறை) சோதிக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அந்த முறையில் திரவம் எதுவும் விரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆகவே சுத்திகரிப்பில் நேரும் குறை அதை அதே வழியில் ஏமாற்றாது. ஒரே வகைப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்ததும் விபத்துக்குத் துணைக்காரணம் என்று வாரியம் குறிப்பிட்டிருந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆதரவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், பெனட்ரன்ட் பரிசோதனைக்கு முந்தைய சுத்திகரிப்பையும் உலர்த்தலையும் மட்டுமே பொருளாகக் கொண்டு விரிவான ஆய்வு ஒன்றை மேற்கொண்டார்கள். டைட்டானியத்திலும் நிக்கல் கலவையிலும் உண்மையான அயர்வு விரிசல்களைச் செயற்கையாக வளர்த்து, எண்ணெய், கார்பன் படிவு போன்ற மாசுகளை அவற்றில் ஏற்றி, தொழிற்கூடங்களில் வழக்கிலுள்ள முறைகளால் கழுவி, ஒவ்வொன்றிலும் விரிசல் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்று அளந்தார்கள். எல்லா மாசையும் ஒரே முறை நீக்கிவிடாது என்பதும், கடினமான துகள்களால் செய்யும் பிளாஸ்டிங் விரிசலின் ஒளியைக் குறைத்துவிடும் என்பதும் அதில் அளவீடாகவே வந்தன.

ஒரு தொழிற்கூடம் தன் கழுவும் வரிசையை எப்படிச் சோதித்துக்கொள்வது என்பது இன்னும் பல இடங்களில் சரியாகப் பிடிபடாத விஷயம். நீர்ப்படலச் சோதனை எல்லோருக்கும் தெரியும்: கழுவிய பரப்பின்மேல் நீரை ஊற்றினால் படலம் உடையாமல் சீராக வழிந்தால் எண்ணெய் இல்லை என்று பொருள். அது மேற்பரப்பைப் பற்றிய சோதனை. இடுக்கின் உட்புறத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கரைசலின் செறிவை டைட்ரேஷன் என்ற வேதி அளவீட்டால் பார்ப்பதும், அலசும் நீரின் மின்கடத்துதிறனை அளப்பதும், தொட்டியின் வெப்பநிலையை எழுதிவைப்பதும் கட்டாயம் தேவை. ஆனால் அவை வேலைக்கான நிலைமைகளைத்தான் காட்டும், விளைவைக் காட்டுவதில்லை. பெனட்ரன்ட் வரிசையை நாள்தோறும் சரிபார்க்கப் பயன்படும் வெடிப்புள்ள சோதனைத் தகடுகளும் இந்த இடத்தில் உதவுவதில்லை. அவற்றைத் தனியே கரைப்பானில் ஊறவைத்து, தனியே உலர்த்தி, நேராகப் பெனட்ரன்ட் தொட்டிக்கே கொண்டுபோகிறார்கள்; கழுவும் தொட்டியையோ சுடுநீர்த் தொட்டியையோ அவை ஒருநாளும் பார்ப்பதில்லை. தகட்டில் விரிசல்கள் பளிச்சென்று தெரிந்தால் பெனட்ரன்ட்டும் டெவலப்பரும் விளக்கும் சரியாக உள்ளன என்றுதான் பொருள். கழுவும் வரிசையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டுமானால், அளவு தெரிந்த அயர்வு விரிசலுள்ள ஒரு துண்டை, பாகத்தின் அதே உலோகத்தில், ஏறக்குறைய அதே தடிமனில் செய்து, எண்ணெயும் கார்பனும் ஏற்றி, பாகங்களோடு அதே கூடையில் வைத்து முதல் தொட்டியிலிருந்தே அனுப்ப வேண்டும். முன்பு அளந்து வைத்த பிரகாசத்தோடு அது இருட்டறைக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகே, அந்தக் கூடையிலுள்ள மற்றப் பாகங்களைப் பரிசோதகரின் கைக்குக் கொடுக்கலாம்.